யார் என்ன செய்தார் என்ற படிவம்

எங்கள் மருமகளின் பிஎச்.டி. கைடை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கேரட் தின்றுகொண்டிருந்தார். பொரியல் இல்லை, பச்சைக் கேரட். தோல்கூடச் சீவவில்லை. பின்லாந்தில் அப்போது காலை பத்து மணி, பெரம்பலூரில் மதியம் ஒன்றரை. மருமகள் லேப்டாப்புக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வாக்கியத்துக்கு இரண்டு 'எஸ் மேம்' சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கிவிட்டு, "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம்" என்றார். "எஸ் மேம்" என்றாள் இவள்.

நான் ஹாலில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். கைடு என்றால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினோரு வருடம் கண்காணிப்பாளர். பதிவு, தலைப்பு மாற்றம், கைடு மாற்றம், கால நீட்டிப்பு, வாய்மொழித் தேர்வு எதுவும் என் மேஜையைச் சுற்றாமல் போனதில்லை. கைடு என்பவர் மாணவரை வராந்தாவில் மூன்று மணி நேரம் நிற்க வைப்பார். கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்வார். கையெழுத்துக்குப் போனால் "பேனா இருக்கா?" என்று கேட்டு, வாங்கிய பேனாவைத் தன் பாக்கெட்டில் குத்திக்கொள்வார். மாணவர் முன்னால் கேரட் தின்னமாட்டார்.

இந்த அம்மாவோ, அடுத்த நாளே இவள் எழுதிய பதினாலு பக்கத்துக்கும் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் மூன்று இடத்தில் 'இது எனக்குப் புரியவில்லை, தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்' என்று இருந்தது. ஒரு பேராசிரியர் தனக்குப் புரியவில்லை என்று எழுத்தில் கொடுத்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆபீஸுக்கு வந்திருந்தால் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பேன்.

ஏற்பாடு இதுதான். ஒரே ஆய்வேடு, ஆனால் இரண்டு பல்கலைக்கழகம், இரண்டு கைடு, இரண்டு கட்டு விதிகள். திருச்சிப் பக்கத்துக் கைடு நல்ல மனிதர், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். வேலை வாங்கியதெல்லாம் பின்லாந்து அம்மாதான். இப்படிப்பட்ட கூட்டு ஒப்பந்தங்கள் என் காலத்திலேயே வர ஆரம்பித்துவிட்டன. பெரும்பாலும் போட்டோவுக்காகக் கையெழுத்துப் போட்டதோடு பீரோவில் படுத்துவிடும். இது எழுந்து நடந்த கோப்பு. அதுவும் எங்கள் வீட்டு ஹாலுக்கே நடந்து வந்துவிட்டது.

மருமகள் பெரம்பலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்துகிறாள். என் மகனுக்கு ஓசூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வந்து போவான். ஆக வீட்டில் நான், என் மனைவி, மருமகள், பேத்தி. சாப்ட்வேர் இன்ஜினியரிங்கில் என்னதான் ஆராய்ச்சி என்று நான் ஒருநாள் கேட்டபோது, பதில் சொல்லாமல் என்னை ஸ்கூட்டியில் உட்காரவைத்து அரியலூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையில் நிற்கும் ஒரு எடைமேடை. கூண்டு போன்ற ஒரு அறையில் பழைய கம்ப்யூட்டர். அதில் ஓடுகிற புரோகிராமை எழுதியவர் யார், எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஆபரேட்டர் பக்கத்தில் அட்டை பிய்ந்த ஒரு நோட்டு வைத்திருந்தார். 'ரெண்டு வண்டி ஒண்ணா வந்தா முதல்ல எஸ்கேப் அமுக்கவும். பன்னெண்டு சக்கரத்துக்குப் பத்துன்னு போட்டு அப்புறம் மாத்தவும். சீட்டு வரலைன்னா கோபப்படாம ஒரு நிமிஷம் இருக்கவும்.'

புரோகிராமின் ஊனத்தையெல்லாம் மனிதர்கள் நோட்டில் எழுதிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நோட்டுகளை ஊர் ஊராகச் சேகரித்து, எந்த இடத்தில் புரோகிராம் மனிதரைப் புரிந்துகொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பின்லாந்து அம்மா அவர்கள் ஊர்த் துறைமுகங்களில் இதே வேலையைச் செய்தவராம். இரண்டு ஊர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"இது எங்க ஆபீஸ் கதைதானேம்மா" என்றேன்.

"அதனாலதான் மாமா உங்களுக்கு உடனே புரிஞ்சிருச்சு."

எனக்கு விதிமுறை மேல் இருக்கும் பிடிப்பை வீட்டில் கிண்டல் செய்வார்கள். என் அப்பா திருமானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர். எங்களிடம் நிலம் இல்லை, அதனால் பத்திரமும் இல்லை. யார் சிபாரிசும் இல்லை. நான் மேலே வந்தது முழுக்க முழுக்க, எந்த விண்ணப்பத்தை எந்த ஜன்னலில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டதால்தான். மருமகளின் அப்பா செந்துறைப் பக்கம் கொத்தனார்; அவருக்கு முந்தின தலைமுறை மல்லாட்டைக் கடலை பிடுங்கிக் கூலி வாங்கியவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் டாக்டர் பட்டம் வரை வந்திருக்கிறாள் என்றால், ஒரு படிவத்தில்கூட அவள் சறுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. அந்த வெறிதான் அவளைச் சறுக்க வைத்தது.

அவளுடைய ஆய்வேட்டுக்கு மூன்று கட்டுரைகள் வெளியாக வேண்டும் என்பது பின்லாந்து விதி. இரண்டாவது கட்டுரையை அனுப்பும்போது ஒருநாள் மாலை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"மாமா, ஹெச்.ஓ.டி. சார் பேரப் போடணுமா?"

"மத்தவங்க என்ன பண்றாங்க?"

"எல்லாரும் போடறாங்க. எங்க டிபார்ட்மென்ட்ல எந்தக் கட்டுரை போனாலும் கடைசில சார் பேரு இருக்கும்."

"அப்புறம் என்ன? போட்டுடு."

"அவரு இதுல ஒண்ணுமே செய்யலியே."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்குத்தாம்மா போடறது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். துறைத் தலைவர் பேர் ஏறியது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று பின்லாந்து அம்மா கேட்டிருக்கிறார். காலேஜ் பக்கத்து வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர் என்று இவள் பதில் எழுதினாள். எடைமேடைக்காரர்களிடம் அனுமதி வாங்கி, தகவல் சேகரிப்பில் உடன் நின்றவர் போல என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று மாதம் பின்லாந்து போய் வர காலேஜில் தடையில்லாச் சான்று கேட்டபோது ஒரே நாளில் வந்தது. "பாத்தியா" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

போன புரட்டாசியில்தான் அந்தப் படிவம் வந்தது.

ஆய்வேடு முடிந்துவிட்டது. இரண்டு நீட்டிப்பும் வாங்கித் தீர்ந்துவிட்டது. ஒன்று பேத்தி பிறந்தபோது, இன்னொன்று காலேஜில் விடுப்பு மறுத்தபோது. கார்த்திகை முடிவதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, ஏழு வருடமும் போனது போனதுதான். கடைசியாக ஒரே ஒரு படிவம் பாக்கி. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பக்கம். அதில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். யோசித்தது யார், தகவல் சேகரித்தது யார், எழுதியது யார், திருத்தியது யார். கீழே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தியாவில் உள்ள படிவம் எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. யார் கையெழுத்துப் போட்டார் என்று கேட்கும் படிவம் தெரியும். யார் வேலை செய்தார் என்று கேட்கிற படிவம் இதுதான்.

முதல் கட்டுரைக்கும் மூன்றாவதுக்கும் பத்து நிமிடத்தில் எழுதிவிட்டாள். இரண்டாவதில் ஹெச்.ஓ.டி. பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. இரண்டு நாள் காலியாகவே இருந்தது. மூன்றாம் நாள் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஒட்டுமொத்த வழிகாட்டுதல், நிறுவன ரீதியான ஒருங்கிணைப்பு, கையெழுத்துப் பிரதியின் மேலாய்வு' என்று நல்ல ஆங்கிலத்தில் நாலு வரி. ஒரு வார்த்தையைப் பிடித்து யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்படி ஒரு வரைவு எழுத எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆனாலும் கை நிக்கல பாரு" என்று போனாள்.

மருமகள் வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா இருக்கு மாமா. ஆனா இதுல ஒண்ணுமே நடக்கலியே."

"நடந்துச்சுன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? வழிகாட்டுதல்னா யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

"மேம் அளப்பாங்க. 'எந்த வழி காட்டினாரு'ன்னு கேப்பாங்க."

"கேட்டா?"

"கேட்டா நான் அவங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லணும். ஏழு வருஷமா அவங்க எங்கிட்ட ஒரே ஒரு தடவகூடத் தெரியாதத தெரியும்னு சொன்னதில்ல மாமா."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "உண்மைய சொல்லி ஒரு பட்டம் வாங்கினவன என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே அசிங்கமான வாக்கியம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மீட்டிங்கில் சொல்லிவிட்டாள். நான் அதே நாற்காலியில், அதே பேப்பரோடு. இவள் முதல் தடவையாக 'எஸ் மேம்' சொல்லாமல் ஐந்து நிமிடம் பேசினாள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம், எல்லோரும் செய்வது, நானும் செய்தேன், அவர் இந்தக் கட்டுரையைப் படித்ததுகூட இல்லை, தவறு என்று தெரிந்தே செய்தேன். அந்த அம்மாவின் கையில் பாதிக் கேரட் அப்படியே இருந்தது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் இலையோடு ஒரு மரம். நெட் போய்விட்டதோ என்று நான்கூட எட்டிப் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னார்: "சொன்னதற்கு நன்றி. நானும் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். இனி இது நம் இருவர் கையில் இல்லை. இதழுக்கு எழுதி அவர் பெயரை எடுக்க வேண்டும், அதற்கு அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு இந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுப்பதா என்று எங்கள் குழு முடிவு செய்யும். எடுக்கவும் செய்யலாம், எடுக்காமலும் போகலாம்."

எடுக்காவிட்டால் மீதி இரண்டு கட்டுரைதான். புதிதாக ஒன்று எழுதி வெளியாக ஒரு வருடம். கார்த்திகைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இந்தக் கழித்தலை நான் மனதில் போட்டு முடிப்பதற்குள் அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அது எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடக் கல்யாணத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்தது இரண்டாவது முறை.

ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு பஸ் ஏறினோம். ஹெச்.ஓ.டி.யின் வீடு அங்கேதான். "நானே போயிட்டு வரேன் மாமா" என்றாள். நானும் வருகிறேன் என்றேன். வழியெல்லாம் எதிரே லாரிகள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். நான் மனதுக்குள் வாதங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். மனிதர் மறுத்தால் எந்த விதியைக் காட்டுவது, கத்தினால் யாரிடம் போவது. இப்படி ஒரு கட்டுரையிலிருந்து பெயரை எடுப்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. பதவி உயர்வுக் கோப்பில் இந்தக் கட்டுரையும் இருக்கிறது.

நாங்கள் போனபோது அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படியின் கீழே தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். மருமகளைப் பார்த்ததும் பதறிப்போய், "வாங்கம்மா, என்ன ஞாயித்துக்கிழமல" என்று சட்டையைத் தேடினார். காலேஜில் இவர் பெயரைச் சொன்னால் பையன்கள் நடையை மாற்றுவார்களாம். வீட்டில் பனியனோடு கொஞ்சம் கூச்சமாக நின்றார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, "மன்னிச்சுக்குங்க சார். உங்களக் கேக்காமலே உங்க பேரப் போட்டது நான்தான்" என்றாள்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்காமத்தான் எல்லாரும் போடறாங்க. நானும் வேணாம்னு சொன்னதில்ல. அதுதாம்மா அந்தக் கட்டுரைல நான் செஞ்ச வேலை, வேணாம்னு சொல்லாம இருந்தது" என்றார். பிறகு, "அது கையில இருக்கா? படிக்கலாமா?" என்று கேட்டார்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. இதற்கு இல்லை. அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தார். காபி முடிந்தது. சுவர்க் காலண்டரில் உள்ள நல்ல நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது. முக்கால் மணி நேரம். இடையிடையே பேனாவைத் தேடுவது போல விரலை அசைத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, மழை நாள்ல கல்லு நனைஞ்சு வருமே. எடை ஏறுமில்ல. அத அந்த ஆளுங்க நோட்டுல எப்படி எழுதறாங்க? நீ வெயில் காலத்து நோட்டுங்களத்தான் பாத்திருக்க போலருக்கே."

மருமகளின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஆமா சார்! நான் போனது பூரா சித்திரை, வைகாசி சார். ஐயையோ, இத நான் யோசிக்கவே இல்லியே." வந்த காரியத்தை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கிரீஸ் கையாலேயே காற்றில் லாரி வரைந்தார்.

எனக்குள் இருந்த கண்காணிப்பாளர் சும்மா இருக்கவில்லை. "அப்பன்னா சார், இதயே ஒரு பங்களிப்புன்னு எழுதிடலாமே. மேலாய்வு. பொருத்தமாத்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தேன்.

"மாமா!" என்றாள் அவள்.

"இல்லங்கய்யா" என்றார் அவர். "இத அன்னைக்குக் கேட்டிருக்கணும். இன்னைக்குக் கேட்டுட்டு அன்னைக்கு கேட்டேன்னு எழுத முடியாது. எங்க கையெழுத்து, சொல்லுங்க."

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: இந்தக் கட்டுரையில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை, என் பெயர் இருப்பதை அறிந்தும் நான் ஆட்சேபிக்கவில்லை. காகிதத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் கிரீஸ் பதிந்துவிட்டது. வேறு காகிதத்தில் எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் சார், இருக்கட்டும் என்றாள். வாசல் வரை வந்தவர், "என் பேரு இன்னும் நெறைய கட்டுரைல இருக்கும்மா. அதெல்லாம் என்ன பண்றதுன்னு தெரியல" என்றார். அவற்றுக்கும் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள், "பாவம் மாமா சாரு" என்றாள். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான்?

வீட்டுக்கு வந்து அன்று மாலையே உட்கார்ந்தேன். குழுவுக்கு அவள் அனுப்பும் விளக்கத்தோடு நானும் ஒரு பக்கம் வைக்கலாம் என்று தோன்றியது. 'மேற்படிப் பெயர் நிலவும் நடைமுறையின் அடிப்படையில் சேர்க்கப்பட்டது' என்று ஆரம்பித்தேன். வாசித்துப் பார்த்தால் யார் சேர்த்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. காற்றே வந்து சேர்த்துவிட்டது போல இருந்தது. முப்பத்து நாலு வருடம் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். பல பேருடைய தப்பை இப்படிக் காற்றில் விட்டிருக்கிறேன். அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது: 'நான் இவளுடைய மாமனார். ஆராய்ச்சி அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன். அந்தப் பெயரைச் சேர்க்கலாமா என்று இவள் என்னிடம் கேட்டாள். இவளுக்குத் தயக்கம் இருந்தது. சேர்க்கச் சொன்னது நான். அண்மையில் அந்தக் காலிக் கட்டத்தைப் பொய்யால் நிரப்ப வரைவு எழுதியதும் நான். இவள் மறுத்துவிட்டாள்.'

அவள் படித்தாள். "இது வேணாம் மாமா. முடிவெடுத்தது நான்தானே. உங்க மேல போட்ட மாதிரி ஆயிடும்."

"நீ போடல. நான் எடுத்துக்கறேன். தகவலுக்காகன்னு இணைப்புல வச்சு அனுப்பு. குழு படிக்கறதும் படிக்காததும் அவங்க இஷ்டம்."

"எத்தனாவது இணைப்பு?"

"நாலாவது."

அவள் மௌஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு இணைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. கோப்புகளைக் காக்க வைத்துத்தான் எனக்குப் பழக்கம், காத்திருந்து பழக்கம் இல்லை. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. நனைந்த கல் விஷயம் அவளைத் தூங்கவிடவில்லை; எடைமேடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மழைக்கென்று தனி நோட்டே வைத்திருக்கிறார்களாம். ஆய்வேட்டில் சேர்க்கட்டுமா என்று கைடிடம் கேட்டதற்கு, இப்போது எதையும் தொடாதே, அது அடுத்த வேலை என்று பதில் வந்தது. 'அடுத்த வேலை' என்ற சொல்லை என் மனைவி பிடித்துக்கொண்டாள். "பட்டம் இல்லன்னா அடுத்ததுன்னு ஏன் சொல்லப் போறாங்க?" என்று தினம் ஒரு தடவை கேட்டாள். அவர்கள் நாகரிகத்துக்காகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இதழிலிருந்து முதலில் பதில் வந்தது: பெயர் நீக்கம் ஏற்கப்பட்டது, திருத்தக் குறிப்பு வெளியாகும். குழுவிடமிருந்து ஒன்றும் இல்லை. கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆயிற்று. அவள் மெலிந்துபோனாள். காலேஜில் தேர்வு மேற்பார்வை, வீட்டில் பேத்திக்குச் சளி. பேத்தியை நானும் மனைவியும் முறை போட்டுப் பார்த்துக்கொண்டோம். சமையலில் நான் ரசம் மட்டும் வைப்பேன். ஒரு வாரம் தினமும் ரசம். யாரும் குறை சொல்லவில்லை. அதிலிருந்தே வீட்டின் நிலைமை தெரியும்.

ஒரு வியாழக்கிழமை, காலைத் தேர்வு முடித்து மூன்று மணிக்கு வந்தவள், புடவைகூட மாற்றாமல் ஹாலில் பாயைப் போட்டுப் பேத்தியின் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். போன் சார்ஜரில், என் நாற்காலிக்குப் பக்கத்தில். மூன்றரைக்கு அது அதிர்ந்தது. கைடின் படம். அவளை எழுப்பப் போனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு மாதமாக அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன்.

"நான் அவளுடைய மாமனார், மேடம். அவள் தூங்குகிறாள். எழுப்பட்டுமா?" என்றேன். என் ஆங்கிலம் கோப்பு ஆங்கிலம். உயிருள்ளவர்களிடம் பேசி அதிகப் பழக்கமில்லை.

"ஓ. உங்கள் கடிதத்தைப் படித்தேன்" என்றார் அவர். அத்தோடு நிறுத்திக்கொண்டார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. "எழுப்ப வேண்டாம். எழுந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். நான் அலுவலகத்தில்தான் இருப்பேன்."

வைத்துவிடப் போகிறார். எனக்குத் தாங்கவில்லை. "மேடம், நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"

"அவளிடம்தான் நான் சொல்ல வேண்டும். அதுதான் முறை" என்றார். அப்புறம், "நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நல்ல செய்தி" என்றார்.

முறை என்று ஒருவர் சொல்லிவிட்டு அதைக் கொஞ்சம் தளர்த்தியதற்காக நான் நன்றி சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

"யாருங்க போன்ல?"

விரலை உதட்டில் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். தெருவில் ஒரு காய்கறி வண்டி மைக் போட்டுக்கொண்டு வந்தது. அவள் எழுந்துபோய் அவனிடம் என்னவோ சொன்னாள். மைக் நின்றது. வண்டி எங்கள் வீட்டைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மருமகள் கண் விழித்தாள். இரண்டு பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து, முடியை வாரி முடிந்துகொண்டாள்.

"என்ன மாமா? என்ன அத்த?"

"உன் கைடு போன் பண்ணாங்க. கூப்பிடச் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"உங்கிட்டத்தான் சொல்வாங்களாம். அதான் முறையாம்" என்றேன், கண்காணிப்பாளர் குரலில்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியவில்லை. "உங்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாது மாமா" என்று சொல்லி, என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருந்தது. நான் எழுந்து ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன். உள்ளேயிருந்து அவளுடைய குரல் கேட்டது. 'எஸ் மேம்' இல்லை. அந்த அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.